வருடப்பிறப்புக்குக் கட்டிய தோரணம்

அன்றைக்கு வீட்டில் நின்றவர்கள்: நான். என் மனைவி. மடத்துவெளியிலிருந்து சைக்கிளில் வந்த அவளுடைய தம்பி. பக்கத்து வளவு அக்கா. வேறு ஆட்கள் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் இருப்பதே இரண்டு வீட்டில்தான்.

சித்திரை வருடப்பிறப்பு. லண்டனிலிருந்து மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு. கணவன், இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். வருடப்பிறப்பன்று புங்குடுதீவுக்கு வந்து பகல் சாப்பிட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். மனைவிக்கு அது போதவில்லை. வீட்டைப் பார்த்தால் மனம் மாறி ஒரு இரவு நிற்பாள் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

ஒரு மாதம் வேலை செய்தோம். சுவருக்கு வெள்ளை அடித்தேன். கொமட் வைத்துக் கக்கூஸ் கட்டினோம். அறைக்கு நுளம்பு வலை போட்டோம். பேரப்பிள்ளைகளுக்கென்று மனைவி பலூன் வாங்கினாள். இரண்டு ஊதினால் அவளுக்கு மூச்சு வாங்கும். கொஞ்சம் இருந்துவிட்டு மூன்றாவதை எடுப்பாள். நான் ஊதித் தருகிறேன் என்றேன். தரவில்லை.

வருடப்பிறப்புக் காலையில் மச்சான் குருத்தோலை வெட்டிக்கொண்டு வந்தான். இருவரும் விறாந்தையில் இருந்து தோரணம் மடித்தோம். அவன் மடித்துக் காட்டினான். நான் அதைப் பார்த்து மடித்தேன். கேற்றிலிருந்து வாசல் வரைக்கும் கயிறு இழுத்துக் கட்டினோம். வாழை நட்டோம். மனைவி கோலம் போட்டு நிறைகுடம் வைத்தாள். நல்ல வடிவாகத்தான் இருந்தது.

பக்கத்து வளவு அக்கா வடைத் தட்டோடு வந்தா. கேற்றடியில் நின்றுவிட்டா.

"தம்பி, உங்கடை வீட்டை ஆரடா செத்தது? எனக்கொருத்தரும் சொல்லேல்லை."

நான் பகிடி என்று நினைத்தேன்.

"மேலை பாரடா."

பார்த்தேன். நல்ல காரியத்துக்குக் கட்டும் தோரணத்தில் ஓலையில் மடித்த குருவித் தலை மேலே பார்க்க வேண்டும். செத்தவீட்டுக்கென்றால் கீழே பார்க்கும். எங்களுடையது எல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணவீடு நடந்து எத்தனையோ வருடம். செத்தவீட்டுக்குத்தான் மச்சானைக் கூப்பிடுவார்கள். அவன் கை தன்பாட்டில் அதை மடித்திருக்கிறது. என் கண்ணுக்கும் அதுதான் சரியாகப் பட்டிருக்கிறது.

"என்ரை கை அத்தான்," என்றான்.

மனைவி வெளியே வந்து பார்த்தாள். "அறுங்கோ. எல்லாத்தையும் அறுங்கோ. அவள் பாலம் தாண்டியிட்டனெண்டு இப்பதான் போன் எடுத்தவள்."

விறாந்தைப் பக்கத்திலிருந்து அறுக்கத் தொடங்கினோம். அது பிழை. கேற்றடியில் தொடங்கியிருக்க வேண்டும். பாதி அறுக்க முன்னம் அவர்களின் வான் கேற்றடிக்கு வந்துவிட்டது.

வான் கதவு திறந்தது. மகளின் மாமியார் ஒரு காலை வெளியே வைத்தா. தலையை நிமிர்த்தினா. காலை உள்ளே எடுத்துவிட்டா. அவவின் கணவர் இறந்து ஒன்றரை வருடம்தான். அது எனக்குத் தெரியும்.

நான் வானடிக்குப் போனேன். "சம்மந்தி, தெரியாமல் கட்டிப்போட்டம். மன்னிக்கவேணும். இப்ப அறுத்துவிடுறம்."

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. எனக்குத் தெரியும்," என்றா. அழுதுகொண்டுதான் சொன்னா. "ஆனா நான் உதுக்குக் கீழாலை வரமாட்டன். அறுத்தாலும் வரமாட்டன். கண்டிட்டன்."

மருமகன் தாயை விட்டுவிட்டு இறங்கவில்லை. சாரதி இயந்திரத்தை நிறுத்தவில்லை. மகளும் பிள்ளைகளும் மட்டும் உள்ளே வந்தார்கள்.

பிள்ளைகள் ஆளுக்கொரு பலூனை எடுத்தார்கள். மகள் அறையைப் பார்த்தாள். புது விரிப்பைத் தடவினாள். கட்டிலில் இருந்தாள். மனைவி பாயசம் கொடுத்தாள். பாதி குடித்தாள்.

"ஒரு ராவுக்கு நில்லன் பிள்ளை. அவை போகட்டும். நாளைக்கு அப்பா பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்."

"ஏலாது அம்மா. மாமி வானுக்கை அழுதுகொண்டிருக்கிறா. அவரும் கோவமா இருக்கிறார். நாளையிண்டைக்கு பிளைட்."

"சோறு போடட்டே? கையைக் கழுவு."

"அவை சாப்பிடாமல் நான் எப்பிடியம்மா சாப்பிடுறது?"

மனைவி சின்னவனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது. கழற்றிப் பூட்டினாள்.

வான் ஒழுங்கையால் திரும்பிப் போனது. மச்சான் மிச்சத் தோரணத்தை அறுத்தான்.

மகள் படியேறியபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து ஐம்பது. இறங்கியபோதும் பார்த்தேன். பதினொன்று பன்னிரண்டு.

இருபத்திரண்டு நிமிடம்.