பதினாலாம் விநாடியின் மிச்சம்

புரோகிராம் எழுதுகிறவன் பிழைப்பதும் பிழைவிடுவதும் ஒரே மேசையில்தான். நேரக் கணக்கோடு மாரடித்த தோழர்களுக்கு இது விளங்கும்.

அறுபதாவது விநாடி

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் ஒரு சின்னக் கம்பனி. தொழிற்சாலை இயந்திரங்கள் நிற்கும் நேரத்தையும் அவற்றின் காப்புக் கதவுகள் திறக்கும் நேரத்தையும் பதியும் மென்பொருள் எழுதினோம். விநாடியின் பின்னங்களை வைத்திருக்க இடமில்லை, முழு விநாடிதான். கதவுப் பகுதி என்னுடையது. அது 59.7ஐ 60 என்று எழுத, அப்படியொரு விநாடி இல்லையென்று அறிக்கை அச்சாகாமல் நின்றுவிட்டது. அவசரத்தில் பின்னத்தை அப்படியே வெட்டியெறிய மாற்றினேன். இயந்திரப் பகுதி மோர்டனிலிருந்து வேலைக்கு வரும் யோகண்ணையுடையது; அது கிட்டிய முழு விநாடிக்கு மாற்றி, 60 வந்தால் அடுத்த நிமிடத்தில் சரியாகவே சேர்த்துக்கொண்டிருந்ததால் தொடவில்லை.

யோகண்ணை சிரித்தார். “அரை விநாடியில ஆரும் சாகப்போறேல்லை. தேத்தண்ணி குடிக்க வாரும்.”

முந்தியது எது?

சில மாதங்களில், எங்கள் மென்பொருள் ஓடிய பிஸ்கட் தொழிற்சாலையில் சிவநேசன் என்ற யாழ்ப்பாணத்தவரின் மூன்று விரல்கள் போயின. இயந்திரம் நின்ற பிறகே கதவைத் திறந்ததாகவும், கை உள்ளே இருக்கும்போது கத்தி தானாக இறங்கியதாகவும் அவர் சொன்னார். எங்கள் பதிவோ கதவு பதினாலாம் விநாடியில் திறந்தது, இயந்திரம் பதினைந்தில் நின்றது என்றது. தமிழ் தெரிந்தவன் என்று விசாரணையில் அதை வாசித்துக்காட்ட என்னை அனுப்பினார்கள். வாசித்தேன். “கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அண்ணை” என்றும் சொன்னேன்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி அவர் கேட்டார்: “அப்ப நான்தான் பொய்யனோ, தம்பி?”

அன்றைக்கே அவரை வேலையால் நிற்பாட்டினார்கள்.

பிளேஸ்டோவில் ஒரு வீடு

அந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை. தொழிற்சாலைக்குப் போய், இயந்திரத்தின் நினைவகத்தில் அழியாமல் கிடந்த மூலப் பதிவைத் தேடி எடுத்தேன். இயந்திரம் நின்றது 14.6இல். கதவு திறந்தது 14.9இல். யோகண்ணையின் பகுதி முன்னதைப் பதினைந்தாக்க, என்னுடையது பின்னதைப் பதினாலாக்கியிருந்தது. பிழை என்னுடையதென்று எழுதிக் கையெழுத்திட்டேன். தொழிற்சாலை பழியை விலக்கி, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டது.

கடிதத்தோடு பிளேஸ்டோவிலிருந்த சிவநேசனின் வீட்டுக்குப் போனேன். அவர் இடக்கையால் பெயர் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சந்தோசம் தம்பி. ஆனா இனி அந்த மெசினுக்குள்ள கை வைக்க என்னால ஏலாது.”

பத்தில் மூன்று பங்கு விநாடியைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் எடுத்தது. எங்கள் தொழிலில் இதைக் கெட்டித்தனம் என்பார்கள்.