சரவெடிக்கு அசையாத குட்டி

எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டான் பெலிக்ஸ். பெண் பார்க்கப் போன இடத்திலேயே ஷர்லியிடம் செய்தித்தாளை நீட்டி வாசிக்கச் சொன்னவன் என்று மச்சான்மார் இன்றும் கிண்டலடிப்பார்கள். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. அந்தச் சம்பாத்தியத்தில் ஆவூருக்கு வெளியே, வயல் நடுவில் வீடு கட்டினான். கூப்பிட்டால் வர ஆளில்லாத இடம்.

விடுப்பில் வந்திருந்தபோது ஒரு காலையில் கொல்லைக் குழாயடியில் ஈரக் கால்தடங்களைக் கண்டான். ஆண் கால். அவனுடையது அல்ல. தடம் சமையலறைக் கதவு வரை வந்து, நின்று, திரும்பியிருந்தது.

"இது மூணாவது தடவ," என்றாள் ஷர்லி, மகள் இனியா காதில் விழாமல். "சொன்னா அங்க நீங்க தூங்க மாட்டீங்கன்னுதான்..."

சிங்கப்பூர் திரும்புமுன் ஒரு நாய் வேண்டும். கூட்டாளி ஜெபக்குமார் பால்வெள்ளையில் ராஜபாளையம் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். ஷர்லி அன்னவாசல் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கலப்புக் குட்டியைத் தூக்கி வந்தாள்; அது இலை விழுந்தாலும் குரைத்தது.

இரண்டும் தின்றுகொண்டிருந்தபோது பெலிக்ஸ் பின்னாலிருந்து சரவெடியைக் கொளுத்திப் போட்டான். கலப்புக் குட்டி மூத்திரம் பெய்துகொண்டே கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. வெள்ளைக் குட்டி தட்டைவிட்டுத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பாத்தியா மாப்ள! ஜாதி நாய்னா சும்மாவா!" என்றான் ஜெபக்குமார்.

"பயப்படுறதுதாங்க கொரைக்கும்," என்றாள் ஷர்லி.

"ஒங்கண்ணன் மாதிரி. கொரைக்கும், வேற ஒண்ணும் செய்யாது," என்றான் பெலிக்ஸ்.

கலப்புக் குட்டி அன்னவாசலுக்கே திரும்பிப் போனது.

வெள்ளை, சீசர் ஆகி, இடுப்புயரம் வளர்ந்தது. அதைப் பார்த்தே ஆட்கள் ஒதுங்கி நடக்கிறார்கள் என்று ஷர்லியே ஒப்புக்கொண்டாள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், சிங்கப்பூர் திரும்பியிருந்த பெலிக்ஸும் அவளும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். இனியா டியூஷன் போயிருந்தாள். ஷர்லிக்குப் பின்னால், சமையலறை வாசலில் சீசர் தூங்கியது. உள்ளே குக்கர் வீறிட்டது. நாயின் காது அசையவில்லை. மறுபடி வீறிட்டது.

"அவனக் கூப்பிடு."

"சீசர்! டேய் சீசர்! ம்ஹூம், தொரை திரும்ப மாட்டாரு. கிட்டப் போயி தொட்டாத்தான் எந்திரிப்பாரு."

பெலிக்ஸுக்கு அந்தச் சரவெடி நினைவுக்கு வந்தது. அன்று குட்டி அசையாதது தைரியத்தால் அல்ல. வெடி அதற்குக் கேட்கவே இல்லை.

"பின்கதவு சாத்திருக்கா?"

"தொறந்துதான் கெடக்கு. இவன் இருக்கான்ல, இப்பல்லாம் யாரு பூட்டுறா?"

"போயி சாத்து."

"ஏங்க, என்னாச்சு?"

"மொதல்ல சாத்து ஷர்லி!"

போனைச் சுவரில் சாய்த்துவிட்டு நாயைத் தாண்டிப் போனாள். காலடிச் சத்தம் பாதியில் நின்றது.

"யாரு?" என்றாள்.

திரையில் சீசர் தூங்கிக்கொண்டிருந்தது.