உம்காரர் கட்டிய ஹார்ன்

என் வீட்டுக்காரருக்கு இந்தத் தெருவில் உம்காரர் என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் "உம்" என்பார். ஆமாம், இல்லை, பார்க்கலாம், தலை வலிக்கிறது எல்லாம் அந்த ஒரு "உம்"மில் அடங்கிவிடும். வேலை லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் குழிக்குள் நின்று கம்பிக் கயிற்றோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு வாய் துருப்பிடிக்காமல் என்ன செய்யும் என்று என் அண்ணன் கேலி செய்வான். நான் தையல்காரி. துணி வெட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பேசுவேன். வெட்டும்போதும் பேசுவேன். இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் கொண்டுவந்து போட்டது யார் செய்த புண்ணியமோ, முப்பது வருஷம் ஓடிவிட்டது.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. பொய் சொல்ல வராது. எதிராளி மனசு நோகாமல் இருக்கட்டுமே என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவும் வராது. ஆசையாய்ப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "தோள்ல தூக்கிட்டு நிக்குது" என்பார். தைத்தவளே நான்தான்.

எங்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில் பெரிய இசைக்குழு ஒன்றில் வியோலா வாசிக்கிறாள். வியோலா என்றால் வயலினுக்கு அக்கா முறை. உடம்பு கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் கனம். அறுபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மெட்டை வயலின்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், இவள் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கச்சேரி முதல்முறையாக வானொலியில் வந்தது. சமையலறையில் இருந்த சின்ன ரேடியோவுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். முடிந்த கையோடு மகள் போன் செய்தாள், கேட்டுச்சாம்மா என்று. பிரமாதம்டி, தனியாத் தெரிஞ்சுது என்று நான் தாராளமாக அளந்துவிட்டேன். அத்தோடு போனை வைத்திருக்கலாம். அவரிடம் கொடுத்தது என் புத்தி.

"எல்லாம் கேட்டுச்சும்மா. உன்னை மட்டும்தான் கேட்கல," என்றார்.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். யாருக்குமே கேட்காதுப்பா, விடுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா, அது சிரிப்பே இல்லை. அன்றைக்கு அவரை நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். பதிலுக்கு ஒரு "உம்" கூட வரவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது தோளில் ஒரு பிளைவுட் பலகையோடு வந்தார்.

எங்கோ லிஃப்ட் பழுது பார்க்கப் போன வீட்டில் ஹார்ன் வைத்த ஒலிபெருக்கி ஒன்றைக் கேட்டிருக்கிறார். பாடுகிறவள் மூச்சு இழுப்பது கூடக் கேட்டதாம். ஹார்ன் என்றால், தொண்டைப் பக்கம் தேநீர்க் கோப்பை அளவுக்குக் குறுகி, வாய்ப் பக்கம் என் இரண்டு கையையும் விரித்தாலும் பிடிபடாத அளவுக்கு அகலும் ஒரு மரக் குழல். தொண்டையில் டிரைவர் என்கிற ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டால், அது முனகுவதைக் குழல் வாங்கி வீடு முழுக்கக் கொடுக்கும். அதில் கேட்டால் பெண்ணைக் கேட்கலாம் என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அன்றைக்கு அதுதான்.

எங்கள் பின்னறையில் ஒரு சுவரோரம் என் தையல் மிஷினும் வெட்டுமேசையும். எதிர்ச் சுவரோரம் அவருடைய மரவேலை மேசை. நடுவில் ஒரு எல்லைக்கோடு உண்டு, மரத்தூளுக்குத்தான் அது தெரியாது. ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைக் கவுன் முழுக்கத் தூளாகிப்போய், மூன்று தடவை உதறி, மானம் போகாமல் கொடுத்தனுப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முதல் ஜோடியைக் கட்டி முடித்து வைத்துக் கேட்டார். சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. அவரே பிரித்துப் போட்டுவிட்டார். இரண்டாவது ஜோடி வாய் சிறுத்துவிட்டது என்று அதுவும் போச்சு. என் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, என்ன மாப்பிள்ளை, ஊர்க்கூட்டம் ஏதாவது நடத்தப் போறீங்களா என்றான். உம் என்றார்.

மூன்றாவது ஜோடி சரியாக வந்தது. அங்கேதான் நான் குறுக்கே நின்றேன். அது நிற்கப்போவது முன்கூடத்தில். என் வாடிக்கையாளர்கள் வந்து அளவு கொடுக்கிற இடம். பச்சைப் பிளைவுட்டில் திருகாணித் தலை துருத்திக்கொண்டு நிற்கிற இரண்டு பூதங்களை அங்கே நிறுத்த விட மாட்டேன், ஒழுங்காக ஒரு மேஜை நாற்காலி மாதிரி அழகாக இருந்தால் உள்ளே வரட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான். மனுஷன் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்து வெனீர் வாங்கி வந்தார். வெனீர் என்பது மரத்தைக் காகிதம் மாதிரி சீவி எடுத்த தகடு. ஒரே வால்நட் மரத்தில் அடுத்தடுத்துச் சீவியது, இருபது தகடு. அந்த மரத்தில் அதற்கு மேல் கிடையாது என்று கடைக்காரர் சொல்லியே கொடுத்தாராம்.

அதை வளைவின் மேல் ஒட்ட முடியாமல் இரண்டு மாதம் திண்டாடினார். ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் எழும்பியது, விடாப்பிடியாக அழுத்தினால் கீறியது. அப்போதுதான் மகள் போன் செய்தாள், அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நேரடி ஒலிபரப்பு என்று. என்னிடம்தான் சொன்னாள். அப்பாகிட்ட சொல்லணும்னு இல்லைம்மா என்றும் சேர்த்துச் சொன்னாள். போனை வைத்துவிட்டு நேரே பின்னறைக்குப் போய் அவர் கையிலிருந்த தகட்டைப் பிடுங்கினேன்.

வளைவைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. குடை மாதிரி விரிகிற கவுனை ஒரே துணியில் யாராவது தைப்பார்களா? மேலே குறுகி, கீழே அகன்ற துண்டுகளாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் சேர்க்க வேண்டாமா? பழைய காகிதத்தில் அளவு எடுத்து, ஹார்னுக்கு எட்டுத் துண்டு வெட்டிக் காட்டினேன். கோடு போட்ட துணியில் சட்டைப் பைக்கும் சட்டைக்கும் கோட்டைச் சேர்க்கிற மாதிரி மரத்தின் ரேகையை ரேகையோடு சேர்த்தேன். அவர் வாயடைத்துப் போனார் என்று சொல்லலாம், ஆனால் அது எப்போதும் அடைத்தேதான் இருக்கிறது. பலகையிலும் தகட்டிலும் வெள்ளைப் பசை பூசி, காயவிட்டு, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தால் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும் என்றார். இஸ்திரிப் பெட்டியா, அது என் ராஜ்ஜியமாச்சே. இடது ஹார்னை இரண்டு பேரும் சேர்ந்து நான்கு சாயங்காலத்தில் முடித்தோம். மழித்த கன்னம் போல வழவழவென்று நின்றது. கல்யாணமான புதிதில் கூட இத்தனை மணி நேரம் ஒன்றாக நின்றதில்லை நாங்கள்.

வலது ஹார்னுக்குச் சனிக்கிழமை வைத்திருந்தோம். காலையிலேயே எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பசை பூசிக் காய்ந்து தயாராக இருந்தது. அவர் வருவதற்குள் முடித்து அசத்திவிடலாம் என்று நானே இறங்கினேன். பெட்டியைச் சூடாக்கினேன், தகட்டை வைத்தேன், இடது கையால் தண்ணீர் தெளித்தேன், வலது கையால் தேய்த்தேன். முப்பது வருஷப் பழக்கம். தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போடுகிற தையல்காரி உண்டா? எட்டுத் துண்டும் முடிந்து நிமிர்ந்தபோதுதான் முதல் துண்டைப் பார்த்தேன். அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மிச்சம் நாலு தகடுதான் இருந்தது, அதுவும் ஓரத்தில் வெடித்தது. மூன்று வருஷ உழைப்பை ஒரு கை தண்ணீரில் கெடுத்துவிட்டேனே, நாளைக்குப் பதினொரு மணிக்கு என்ன முகத்தோடு இவர் முன்னால் உட்காருவேன் என்று அழுகையாக வந்தது. மத்தியானம் அவர் வந்தார். பார்த்தார். விரலால் ஒவ்வொரு கொப்புளமாகத் தட்டிப் பார்த்தார்.

"திட்டித் தொலைக்கவாவது செய்யுங்களேன்," என்றேன்.

"பதினெட்டு இருக்கு," என்றார். அவ்வளவுதான்.

கொப்புளம் ஒவ்வொன்றையும் ரேகை ஓடுகிற வாக்கிலேயே பிளேடால் மெல்லக் கீறினார். ஊசிக்குழலில் பசையை எடுத்து உள்ளே செலுத்தினார். நான் வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, மேலே காகிதம் போட்டு, உலர்ந்த பெட்டியை வைத்து அழுத்தினேன். தண்ணீர்க் கிண்ணத்தைத் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன், கை தானாகப் போனாலும் போகும். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் பதினெட்டும் அமுங்கிவிட்டன. உற்றுப் பார்த்தால் கீறல் தெரியும். உற்றுப் பார்க்கிறவர்களுக்கு என் வீட்டில் வேலையில்லை என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிறு காலை அண்ணன் வந்து ஒரு கை கொடுக்க, இரண்டையும் முன்கூடத்தில் நிறுத்தி ரேடியோவோடு இணைத்தோம். அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேலி செய்ய வாயைத் திறந்து, ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டான். பதினொரு மணிக்கு அறிவிப்பாளர் பேசினார். அந்த ஆள் என் எதிரிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. அப்புறம் வாத்தியங்கள். அடேயப்பா, சமையலறை ரேடியோவில் ஒரே கூழாகக் கேட்டதெல்லாம் ஆள் ஆளாகப் பிரிந்து கூடம் முழுக்க உட்கார்ந்துகொண்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடிக்கொண்டிருந்தார். முதல் பாகம் முடியப் போகிற நேரத்தில் என் பக்கம் திரும்பி இல்லை என்று தலையசைத்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

முதல் பாகம் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் கொஞ்சம் இடைவெளி. அரங்கில் யாரோ இருமினார்கள். யாரோ தாளைப் புரட்டினார்கள். அப்போது இசைக்குழுவுக்குள்ளிருந்து ஒரு தும்மல். சின்னதாக ஒன்று, உடனே இன்னொன்று, மூன்றாவதை மூக்கைப் பிடித்து உள்ளேயே விழுங்கிய சத்தம்.

"ஏங்க, அது நம்ம பொண்ணு," என்று எழுந்தே விட்டேன். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் தும்முவாள். உலகத்தில் வேறு யாரும் அப்படித் தும்மி நான் கேட்டதில்லை.

அவர் கையை நீட்டினார். இரண்டு ஹார்னுக்கும் நடுவில், வலதுக்குக் கொஞ்சம் கிட்டே, அளவு பார்க்கிற கண்ணாடிக்கு ஒரு முழம் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. முக்காலியை அந்தப் பக்கமாக இழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது பாகம் மெதுவான பாட்டு. கொஞ்ச நேரத்தில் அவர் வலது கை முழங்காலின் மேல் அசைய ஆரம்பித்தது, வில் இழுக்கிற மாதிரி போய் வந்தது. கடைசி வரை நிற்கவில்லை.

முடிந்ததும் மகள் போன் செய்தாள். தும்மினது அங்கே கேட்டுத் தொலைச்சுதா, மானமே போச்சும்மா என்று அலறினாள். நான் பதில் சொல்வதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"தும்மினதாலதாம்மா நீ எங்கே உட்கார்ந்திருக்கேன்னு தெரிஞ்சுது. அப்புறம் காதை அங்கேயே வெச்சுக்கிட்டேன். வில்லு நுனிக்கு வரும்போது கொஞ்சம் அழுத்துவியே, வீட்ல வாசிக்கும்போது செய்வியே, அதை இப்பவும் செய்யுற. கடைசி வரைக்கும் உன்னைக் கேட்டேன்."

போனை அவர் என்னிடம் நீட்டினார். மகள் மெல்ல, "அம்மா, அப்பா சும்மா சொல்றாரா?" என்று கேட்டாள்.

"உங்கப்பாவுக்கு அது வருமாடி?" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். அவர் மட்டும் வலது ஹார்ன் பக்கத்தில் நின்று, அந்தப் பதினெட்டுக் கீறலையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.