சூடாமணி தேய்த்த சிறகு

என் மனைவி சூடாமணி முப்பத்தொரு வருஷம் அரசு அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். மலையாளத்தில் ஒரு புள்ளி இடம் மாறி உட்கார்ந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கையில் பேனாவோடுதான் படிப்பாள். முகூர்த்த நேரத்தில் பிழை கண்டுபிடித்துப் பெண் வீட்டுக்கே போன் செய்த கதையும் உண்டு. அப்படிப்பட்டவள் போன ஓணத்துக்கு ஒரே ஒரு வார்த்தையில் சறுக்கினாள். அதை எழுதப்போகிறேன் என்றேன். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் புரூஃப் நான்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் ஹரிநாராயணன். சர்வே இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு நேர்கோடு பிடிக்கும், வளைந்தது எதுவும் பிடிக்காது. கரமனை ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாது. தண்ணீர் பக்கெட்டில் இருந்தால்தான் எனக்கு அதன் மேல் நம்பிக்கை.

சூடாமணி நேர் எதிர். ஓய்வு பெற்ற மறுமாதமே எதிர்வீட்டு சுப்ரியாவோடு சேர்ந்துகொண்டு ஒரு படகு வாங்கிவிட்டாள். பூவாறில் மூடப்போன ஒரு விடுதியின் ஃபைபர் படகு. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடலாம். சுப்ரியா கணக்கு டீச்சர். சூடாமணியைவிட எட்டு வயது சின்னவள். பத்து வருஷத்துக்கு முன்பே கணவனை இழந்தவள். மகன் சாய் புனேயில். மாலை ஐந்து மணி ஆனால் இரண்டு பேரும் சுரிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போய்விடுவார்கள். அக்கிரகாரமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு பழகிவிட்டது.

எங்கள் கரையோரக் குடியிருப்போர் சங்கம் ஓணத்துக்கு மறுநாள், அவிட்டத்தன்று, ஒரு சின்னப் படகுப் போட்டி வைக்கிறது. படித்துறையிலிருந்து புறப்பட்டு, பாலத்துக்கு இப்பால் மிதக்கவிட்டிருக்கும் நீல டிரம்மைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். ஐம்பது தாண்டிய பெண்கள் பிரிவில் நாலு படகு. முதல் வருஷம் எங்கள் படகு பாதி தூரம் போனதும் இடது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி, கரையோரம் மண்டிக் கிடந்த குளவாழைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. ஆகாயத்தாமரையைத்தான் இங்கே குளவாழை என்போம். மைக் பிடித்திருந்தவன் "குளவாழை மாமிகள்" என்று பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது. பால் வாங்கப் போனாலும் அந்தப் பெயர்தான்.

அன்று நான் கரையில் நின்று "நேரா, நேரா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. துடுப்புப் போடத் தெரியாதவர்கள் படகு வாங்கலாமா என்று இரண்டு நாள் லெக்சர் அடித்தேன். சூடாமணி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எனக்குத்தான் பயம்.

இந்த வருஷம் ஆவணி பிறப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. சாய்க்குக் குழந்தை பிறந்திருக்கிறது, சுப்ரியா புனேக்குப் போகிறாள். வீட்டைப் பூட்டிச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு, ஓணம் முடிந்த புதன்கிழமை ரயில். எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சூடாமணி குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தாள். பின்னிக்கொண்டே, தலை நிமிராமல், "ஒரே ஒரு தடவை அந்தப் போட்டியை முடிச்சுட்டுப் போகட்டும். ஜெயிக்கண்டா. முடிச்சா மதி" என்றாள். ஜெயிக்க வேண்டாம், முடித்தால் போதும்; அதற்கு மேல் அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அதற்காகத்தான் படகைத் தெருவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பெஞ்சு மேல் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். பார்த்ததும் எனக்கு முகம் வெளிறிவிட்டது. படகின் அடியில், பின்பக்கம், நீளவாக்கில் இரண்டு தகடுகள் நிற்க வேண்டும். படகு அங்கே இங்கே அலையாமல் நேராக ஓடுவது அவற்றால்தான். மீனுக்கு இருப்பதுபோல் இருப்பதால் சூடாமணி அவற்றைச் சிறகு என்பாள். இடது சிறகு பாதி உடைந்து போயிருந்தது. வலது சிறகில் விரிசல். பூவாறிலிருந்து வந்த அன்று, படகைத் தூக்கச் சோம்பல்பட்டு, கருங்கல் படியில் தரதரவென்று இழுத்துத் தண்ணீரில் விட்டது நான். கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வருஷமாக நான் திட்டியது யாரை என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது. அன்றே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நேக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள்.

போன் போனது விஜய்குமாருக்கு. நாகர்கோவில் பக்கத்துக்காரன். இந்த ஊரில் சாக்கை என்கிற இடத்தில் ஷெட் போட்டு ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி, ஓண ஊர்வலத்துக்கு யானை, மாவேலி மன்னன் பொம்மை எல்லாம் செய்கிறவன். ஊர்வல வேலை தலைக்கு மேல் கிடந்தும் ஒரு மத்தியானம் வந்தான். உடைந்த விளிம்பைக் கை கிரைண்டரால் வெள்ளை நார் தெரியும்வரை அரைத்தான். மழை ஈரம் போக ஹேர் டிரையரில் காய வைத்தான். இரண்டு பக்கமும் மெழுகு பூசிய பலகையை அணை கொடுத்து, கண்ணாடி நார்த் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, ரெசின் என்கிற பிசினில் நனைத்து அடுக்கினான்; வலது சிறகின் விரிசலையும் அப்படியே அடைத்தான். பழைய சிறகின் உயரம் ஒன்பது சென்டிமீட்டர். அளந்து சொன்னது நான். ரெசின் வாசனையில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு மாமி, தன் வீட்டுச் சாம்பாரிலும் இதே வாசனைதான் என்று சண்டைக்கு வந்தாள். அவளுக்கு அரைப் படி நேந்திரங்காய் உப்பேரி கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

மறுநாள் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு விஜய்குமார் யானைக்குத் தும்பிக்கை வைக்க ஓடிவிட்டான். கிரைண்டர், ஒரு டப்பா ரெசின், கெட்டிப்படுத்தும் மருந்து எல்லாம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஓணத்துக்கு முந்தின நாள், உத்தராடத்தன்று, காலையில் அவனிடமிருந்து வாட்ஸாப்பில் குரல் வந்தது.

"யக்கா, சிறகு நல்லா இறுகிட்டு. இனி ரெண்டு தடவை கூட நல்லா தேச்சிருங்கோ, கேட்டேளா. காயட்டும். பின்ன தண்ணியில எறக்கலாம்."

சூடாமணி அதை மூன்று முறை கேட்டாள். பிறகு துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கிரைண்டரைக் கையில் எடுத்தாள். புதிதாகக் கட்டிய இடது சிறகை மத்தியானம் முழுக்கத் தேய்த்தாள். ஒரு தடவை நல்லா. இன்னொரு தடவை நல்லா. அதற்கு மேல் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு மூன்றாவதாக ஒரு தடவை, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று. அவள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் இல்லை. அதுதான் வினையாகிவிட்டது.

திருவோணத்தன்று காலை குளித்துவிட்டு வந்த நான், பழக்கதோஷத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வலது ஒன்பது. இடது ஆறரை. விளிம்பில் கண்ணாடி நார் பிசிர் பிசிராகத் தெரிந்தது. உடனே விஜய்குமாரைக் கூப்பிட்டோம். அவன் விஷயத்தை முழுசாகக் கேட்டான். பிறகு மெதுவாக, "யக்கா, நான் தேய்க்கச் சொன்னது ரெசினை" என்றான்.

நடந்தது என்ன என்பதை நான் விளக்கித்தான் ஆக வேண்டும். மலையாளத்தில் தேய்ப்பது என்றால் பூசுவதும்தான். சுவர் பூசுவதற்கும் அதே வார்த்தை. அவன் மலையாளத்தில் பேசியிருந்தால் சூடாமணி சட்டென்று புரிந்துகொண்டிருப்பாள். முப்பத்தொரு வருஷம் அந்தப் பாஷையில் பிழை திருத்தியவள். ஆனால் அவன் அவளிடம் எப்போதும் நாஞ்சில் நாட்டுத் தமிழ்தான் பேசுவான். தமிழில் வந்ததால் அந்த ஒரு வார்த்தையையும் அவள் தமிழாகவே எடுத்துக்கொண்டாள். அவனோ இத்தனை வருஷம் இந்த ஊர் ஷெட்டில் இருந்து இருந்து, தொழில் வார்த்தைகளை மட்டும் மலையாளத்தில் வைத்துப் பழகிவிட்டான். காயட்டும் என்றானே, தேய்த்ததை எதற்குக் காய வைக்க வேண்டும் என்று நான் சூடாமணியிடம் கேட்டேன். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளாயிற்றே என்று பதில் வந்தது. வாதத்தில் அவளை ஜெயிக்க முடியாது.

ஆனால் அவள் முகம் ஜெயித்தவள் முகமாக இல்லை. புதிதாகக் கட்டி எழுப்ப ஒரு நாள் முழுக்க வேண்டும், இந்த ஈரத்தில் இரண்டு நாள்கூட ஆகலாம் என்று விஜய்குமார் சொல்லிவிட்டான். போட்டி மறுநாள் காலை ஒன்பதுக்கு. அடுப்பில் ஓணப் பாயசமான பிரதமன் கொதிக்க, சூடாமணி கவிழ்ந்த படகின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தொரு வருஷம் ஊரான் பிழையைத் திருத்தினேன். எங்காத்துப் பிழை இப்படி வந்து நிக்கறது" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சுப்ரியா இலையில் மூடிய இஞ்சிப்புளியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து இரண்டு சிறகையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணைக் கூட்ட முடியலேன்னா மத்ததைக் கழிக்க வேண்டியதுதானே, மாமி?" என்றாள். வலதையும் ஆறரைக்குக் குறைத்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

நான் குறுக்கே பாய்ந்தேன். உயரம் குறைந்தால் படகு நேராக ஓடாது, ஆடும், மறுபடியும் குளவாழைதான் என்று சர்வே இலாகாவின் சார்பில் எச்சரித்தேன். என் பேச்சை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. சூடாமணி எழுந்து கிரைண்டரை மாட்டினாள். நான் ஸ்கேல் பிடித்தேன், வேறென்ன செய்ய? முடிந்ததும் சுப்ரியா கெட்டிப்படுத்தும் மருந்தை மூடியால் அளந்து ஊற்றிக் கலக்க, சூடாமணி இரண்டு சிறகுக்கும் ரெசினை மெல்லிசாகப் பூசினாள். மலையாளத்துத் தேய்ப்பு, இந்தத் தடவை. இரண்டு வீட்டு ஹேர் டிரையரும் சாயங்காலம்வரை ஓடின. ஓணச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் நடந்தது. பிரதமன் அடிப்பிடித்திருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

அவிட்டத்தன்று வெயில் வந்தது. படகை இந்தத் தடவை நாலு பேர் தூக்கித்தான் தண்ணீரில் வைத்தோம். விசில் ஊதியதும் மற்ற மூன்று படகும் விருட்டென்று போயின. எங்கள் படகு இடுப்பை ஆட்டி ஆட்டித்தான் போயிற்று. நான் சொன்னது சரிதான். சொன்னது சரியாக இருந்ததில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. ஆனால் அது ஆடியதே ஒழிய ஒதுங்கவில்லை. வலது பக்கம் ஓடினால் சூடாமணி பின்னால் இருந்து ஒரு தட்டு, இடது பக்கம் ஓடினால் சுப்ரியா முன்னால் இருந்து ஒரு தட்டு. ஒருத்தி மற்றவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரம்முக்கு இருபது முழம் இருக்கும்போது நாங்கள்தான் கடைசி.

அங்கேதான் நான் என் வாழ்நாளில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். முன்னால் போன எதிர்க்கரை நர்ஸ்கள் டிரம்மைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் திரும்ப முடிந்தது. அவர்கள் படகின் உயரமான சிறகு நேராகவே போவேன் என்று அடம்பிடித்தது. இரண்டாவது படகு இன்னும் அகலமாகச் சுற்றியது. மூன்றாவது படகு திரும்பவே மாட்டேன் என்று நேரே போய்க் குளவாழைக்குள் நுழைந்தது. எங்கள் ஆறரை சென்டிமீட்டர் படகு டிரம்மை உரசினாற்போல், நின்ற இடத்திலேயே சுழன்றது. "நேரா" என்று கத்த வாயைத் திறந்த நான், "திரும்பு, திரும்பு" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முதலில் நர்ஸ்கள் வந்தார்கள். இரண்டாவதாக, ஆடி ஆடி, எங்கள் படகு எல்லைக் கயிற்றைத் தாண்டியது. சூடாமணி துடுப்பை மடியில் போட்டுவிட்டு, முன்னால் இருந்த சுப்ரியாவின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். சிரித்தார்களா அழுதார்களா என்று கரையிலிருந்து தெரியவில்லை. இரண்டும் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

விஜய்குமார் கையெல்லாம் யானைச் சாயத்தோடு வந்து நின்றிருந்தான். அவனுக்குக் குற்ற உணர்ச்சி. படகைக் கரையேற்றியதும் அடியைத் தடவிப் பார்த்து, ஊர்வலம் முடியட்டும், நானே வந்து பழையபடி ஒன்பதுக்கு உயர்த்தித் தருகிறேன், ஓட்டம் அம்பு மாதிரி இருக்கும் என்றான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

சுப்ரியா முந்திக்கொண்டாள். துப்பட்டாவில் முகத்தைத் துடைத்தபடி, "வேண்டாம். இது திரும்பற படகாவே இருக்கட்டும், மாமி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த ஓணத்துக்கு நானும் திரும்பி வரணுமோல்லியோ?" என்றாள்.

சூடாமணி அவளையே பார்த்தாள். வாங்கிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. பிறகு விஜய்குமார் பக்கம் திரும்பி, அச்சகத்தில் கடைசி புரூஃபில் கையெழுத்துப் போடும்போது இருந்த அதே குரலில் சொன்னாள்.

"கேட்டாயோல்லியோ? அதைத் தொடாதே. தமிழ்லயும் தேய்க்கண்டா, மலையாளத்திலயும் தேய்க்கண்டா."