பம்பைக்காரர் கேட்ட கேள்வி

பங்க் ராக் குழு ஒன்று, பம்பை மேளம் சேர்த்துத் தன் முதல் ஆல்பத்தைத் திருவண்ணாமலையில் பதிவு செய்தது. புரட்சி வரிகள் என்னுடையவை. ஐம்பது வயதில், முழங்காலில் தைலம் தேய்த்தபடி எழுதியவை.

கீழ்பென்னாத்தூர் பம்பைக்காரருக்கு மை பூசிய மீசை, கசங்காத சட்டை. கண்ணை மூடித்தான் வாசிப்பார். அம்மன் கோயில்களில் சாமியை வரவழைத்துப் பழகிய கை.

பதிவறை மதியம் வரைதான் எங்களுக்கு. கடைசிப் பாட்டில் பாடகன் தொண்டை கிழியக் கத்தியதும் பம்பை நின்றது. பம்பைக்காரர் எழுந்து வந்து அவன் நெற்றியில் திருநீறு பூசினார்.

"சொல்லு தாயே, என்னா கொறை உனக்கு?"

"இது பாட்டுண்ணே," என்றேன்.

"சாமி பேசறப்ப குறுக்க பேசாதீங்க சார்."

மூன்று முறை இப்படியே நின்றது. நான்காவது முறை பாடகன் மைக்கிலேயே சொல்லிவிட்டான்: "எங்கப்பா என்கிட்ட பேசி ரெண்டு வருஷம் ஆவுது."

"பேசுவாரு, நான் பொறுப்பு. மலையேறு தாயே."

பிறகு ஒரே மூச்சில் பாட்டு முடிந்தது. ஆல்பத்தில் அந்தப் பேச்சு இருக்கிறது. என் வரிகளை எடுத்துவிட்டார்கள்.

முந்தைய ஆறு பாட்டுகளிலும் அவன் அதே கத்தல்தான் கத்தினான். அப்போதெல்லாம் அவர் கண்ணையே திறக்கவில்லை. இதற்கு மட்டும் ஏன் எழுந்து வந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.