ஏணி மார்க்

எங்கள் வத்தல் பாக்கெட்டில் ஓர் ஏணிப் படம் இருக்கும். அதற்குக் கீழே தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் ‘ஏணி மார்க்’ என்று போட்டிருக்கும். பதினாறு வருஷமாக அந்தப் பாக்கெட்டை நானேதான் ஒட்டி, நானேதான் அட்டைப்பெட்டியில் அடுக்குகிறேன். ஆனால் படத்தை நேருக்கு நேர் பார்க்க மாட்டேன். பாக்கெட்டைத் திருப்பிப் போட்டுத்தான் அடுக்குவேன். “ஏம்மா எல்லாத்தையும் குப்புறப் போடுற?” என்று மகள் கேட்டிருக்கிறாள். ஒட்டின இடம் தெரியணும்ல என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன்.

அவளுக்குச் செம்பூரில் ஓர் ஆபீசில் வேலை. மிச்ச நேரத்தில் என் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்கிறாள் என்றால், என்னைப் போட்டு உருட்டி எடுக்கிறாள். அவள் அலைந்துதான் மாட்டுங்காவில் ஒரு பெரிய கடை எங்கள் வத்தலை எடுக்க ஒத்துக்கொண்டது. ஆனால் கடைக்காரர் ஒன்று சொல்லிவிட்டார். பாக்கெட் பழைய மாதிரி இருக்கிறது, புதுசாக அடியுங்கள், பின்பக்கம் இந்தப் பேர் எப்படி வந்தது என்று நாலு வரி போடுங்கள், இப்போதெல்லாம் ஜனங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள் என்று.

புதன்கிழமை மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். “ஏணி என்பது முன்னேற்றத்தின் அடையாளம். தாராவியின் ஒரு சின்னச் சந்தில், ஒவ்வொரு படியாக மேலே ஏற நினைத்த ஒரு பெண்ணின் கனவுதான் எங்கள் ஏணி.” வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “எப்படி?”

கையில் இருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தேன். “யாரு அந்தப் பொண்ணு?”

“நீதான். வேற யாரு? வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்கு அனுப்பறேன்.”

“ஒரு நாள் பொறு.”

“ஒரு நாள்ல நீ என்ன எவரெஸ்ட்டா ஏறப்போற?” என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எங்கள் சந்தில் இத்தனை சரக்கு செய்கிறார்களே, யாராவது பேருக்குக் கதை சொன்னார்களா? அடுத்த சந்தில் தோல் பை தைக்கிற பாய், ராமநாதபுரத்துப் பக்கம். அவர் பையில் ஏதோ இத்தாலிக்காரன் பேர் மாதிரி ஒன்று இருக்கும். என்ன அர்த்தம் பாய் என்று ஒருமுறை கேட்டேன். “அர்த்தம் என்னம்மா அர்த்தம், சொல்லிப் பாரு, வாய்க்கு நல்லா இருக்குல்ல?” என்றார். ஊதுபத்தி போடுகிறவர் தன் மூத்த பெண் பேரை வைத்தார். இரண்டாவது பெண் இன்றுவரை அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் பக்கம் பேரைவிடப் படம்தான் முக்கியம். வாங்குகிறவர்களில் மராத்தி படிக்கிறவர் உண்டு, இந்தி படிக்கிறவர் உண்டு, எதுவுமே படிக்காதவரும் உண்டு. பூ, கிளி, குடை என்று ஏதாவது ஒன்று இருந்தால் கையை நீட்டி, அதைக் கொடு என்பார்கள். ஏன் கிளி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நானும் இத்தனை காலம் ஓட்டினேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வத்தல் போட ஆரம்பித்தபோது நான் தனியாள் இல்லை. எதிர்வீட்டு மைனியும் நானும் சேர்ந்துதான் போட்டோம். சொந்தம் ஒன்றுமில்லை, இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம், அதனால் மைனி. நான் அடுப்படியில் கூழ் கிண்டுவேன். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு மர ஏணியில் ஏறி, மேலே கூரை ஸ்லாப்பில் வேட்டியை நனைத்து விரித்து ஊற்றுவாள். ஏணி சும்மாதான் சுவரில் சாய்ந்து நிற்கும். அடியில் சாக்கடை மூடிய கல், எப்போதும் ஈரம்.

அன்றைக்குக் காலையிலேயே அவள் சொன்னாள். “ஏட்டி, ஏணி ஆடுது. மேல கொக்கி இருக்குல்ல, அதுல கயித்தப் போட்டு இறுக்கிக் கெட்டிருவோம். நீ கீழ புடி, நான் ஏறிக் கெட்டுதேன்.”

நான் அரிசி ஆட்டிக்கொண்டிருந்தேன். “நாளைக்குப் பாப்போம் மைனி” என்றேன்.

மத்தியானம் வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மே மாசம், மழைக்கு இன்னும் நாள் கிடந்தது, யார் எதிர்பார்த்தார்கள்? மேலே நாலு வேட்டி நிறைய வத்தல் காய்ந்துகொண்டிருக்கிறது. நான் மறு ஈட்டுக்குக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து மைனி கத்தினாள். “ஏணியப் புடிட்டி!”

“வாரேன், வாரேன்” என்றேன்.

போகவில்லை. கூழ் அடிப்பிடித்துவிடும் என்று இன்னும் நாலு தடவை துடுப்பைப் போட்டுக் கிண்டினேன். அதற்குள் சத்தம் கேட்டது. முதலில் ஏணி விழுந்த சத்தம், பிறகு அவள் விழுந்தது. இடுப்பெலும்பு உடைந்துபோனது.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். அவள் என்னைப் பார்ப்பாள், நான் பிளாஸ்க்கைப் பார்ப்பேன். அதற்கப்புறம் அவளை ஆண்டாப் ஹில் பக்கம் மகன் கூட்டிப்போய்விட்டான். இங்கே என்னடாவென்றால், ஏணியிலிருந்து ஒருத்தி விழுந்த வீடு என்று பேர் பரவிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வத்தலையும் வாங்கினார்கள். “அந்த ஏணி வீட்டு வத்தல் குடு” என்பார்கள். மராத்திக்காரப் பெண்கள் என்னை ‘ஷிடிவாலி’, அதாவது ஏணிக்காரி, என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கவர் அடிக்கிறவர் வந்து என்ன மார்க் போடணும் என்று கேட்டபோது, பாழாய்ப் போன என் வாய் ‘ஏணி’ என்று சொல்லிவிட்டது. இதுதான் எங்கள் பேர் வந்த கதை. நாலு வரியில் இதை எப்படிப் போடுவது?

வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். ஆண்டாப் ஹில் என்ன கண்காணாத தேசமா? நாலைந்து கிலோமீட்டர். பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட எனக்கு அந்த பஸ் கிடைக்கவில்லை. பையில் ஒரு பாக்கெட்டும், மகள் எழுதின தாளும், கொஞ்சம் சப்போட்டாவும் இருந்தன. வாசலிலேயே வைத்து மைனி மகன் திட்டுவானோ? ஊரைக் கூட்டுவானோ? திட்டிவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனசு சொல்லும். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கித் திரும்பிவிடு என்று இன்னொரு மனசு பிடுங்கும்.

ஊர்க்காரர்களிடம் விசாரித்து வைத்திருந்த விலாசம், நாலாவது மாடி. லிப்ட் இருந்தது. கதவைத் திறந்தது மருமகள். நான் தாராவியிலிருந்து வருகிறேன், வத்தல் போடுகிறவள் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அரே, ஏணியப் புடிச்சுக்கிட்டிருந்த சித்தி நீங்கதானா! அத்தை, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க!” என் பையை வாங்கிக்கொண்டு, “அத்தை எப்பவும் சொல்வாங்க, நீங்க கடைசி வரைக்கும் விடவே இல்லையாம், கைத்தோலே உரிஞ்சுபோச்சாமே” என்று என் கைகளைப் பார்த்தாள்.

இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

மைனி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல். ஒரு கால் தரையைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி நின்றது. “வாட்டி. வழி இப்பதான் தெரிஞ்சுதா?” என்றாள். மருமகள் டீ போட உள்ளே போனாள்.

நான் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டேன். “எதுக்கு மைனி அப்படிச் சொன்னிய?”

“பெறவு எப்படிச் சொல்லச் சொல்லுத? அப்ப என் மவனுக்கு இருவது வயசு. கோவக்காரப் பய. உள்ளதச் சொல்லியிருந்தா உன் வீட்டுக் கதவு மிஞ்சியிருக்குமா?” ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “உள்ளத நீயே வந்து சொல்லுவன்னு நெனச்சேன். ஒரு வாரம் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். ஒருநா கடையில இருந்து பாக்கெட்டு வாங்கிட்டு வாராவ, பாத்தா அதுல ஏணி. எட்டிப் பாக்க காலு வரல, ஏணி போட மட்டும் கை வந்திருக்கு பாருன்னு அன்னைக்கு அழுதேன்ட்டி.”

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. “அழுது என்ன பிரயோசனம், மூக்கத் தொடச்சுக்க” என்றாள்.

மருமகள் டீயோடு வந்து என் முன்னால் தம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, பழைய கதை நாலு பேசிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பேர் கெடாது, மகளுடைய கதையும் அப்படியே இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை.

“நான் புடிக்கலம்மா” என்றேன்.

“என்னது?”

“ஏணிய நான் புடிக்கல. மைனி கூப்பிட்டாங்க. நான் அடுப்படியில கூழ் கிண்டிக்கிட்டு நின்னேன். காலையில ஏணியக் கட்டணும்னு சொன்னாங்க, நாளைக்குன்னு நான்தான் சொன்னேன்.”

அவள் மாமியாரைப் பார்த்தாள். மைனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருமகள் தம்ளரை என் கையில் கொடுக்காமல் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த டீயை நான் குடிக்கவில்லை. சாயங்காலம் புருஷன் வந்ததும் சொல்வாளே, அவன் கிளம்பி வருவானே என்று என் கண் வாசல் பக்கமே போனது. மைனிக்கு அது தெரிந்துவிட்டது.

“வந்தா வரட்டும். அவனுக்கும் தல நரைக்க ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வார்த்த ஏசுவான், வாங்கிக்க.”

வந்த காரியத்தைச் சொன்னேன். மகள் எழுதின தாளை எடுத்து வாசித்தேன். முன்னேற்றத்தின் அடையாளம் என்ற இடம் வந்ததும் மைனி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. “முன்னேத்தமா! என்ன மாதிரி முன்னேறுனவ யாரு இருக்கா? நேரா ஆஸ்பத்திரிக்குல்லா முன்னேறுனேன்!” கண்ணைத் துடைத்துக்கொண்டு பாக்கெட்டைக் கேட்டு வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பதினாறு வருஷத்தில் நானும் அன்றைக்குத்தான் அந்தப் படத்தை நேராகப் பார்த்தேன்.

“கதையெல்லாம் ஒண்ணும் வேண்டாம்” என்றாள். நகத்தால் ஏணியின் மேல்முனையைத் தட்டினாள். “இங்கன ஒரு கயிறு போடச் சொல்லு. கொக்கியில கெட்டுன மாதிரி. இப்பவாது கெட்டு.”

அன்றைக்கு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனை எடுத்து எழுதினதை அழித்தாள். பிறகு, “அவங்க கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சாம்மா?” என்று மட்டும் கேட்டாள். கேட்டுச்சு என்றேன். அவள் எழுந்து போய்ப் படம் வரைகிறவருக்குப் போன் போட்டாள். கதை இல்லாத பாக்கெட்டை மாட்டுங்கா கடைக்காரர் எடுப்பாரா என்று தெரியாது, அந்தக் கவலை வேறு.

சனிக்கிழமை புதுப் படம் வந்தது. அதை, மைனியிடம் நான் வாங்கி வந்திருந்த மருமகளின் நம்பருக்கு அனுப்பிவைத்தாள் மகள். பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. மைனி மகனும் வரவில்லை. வாசலில் ஆண்குரல் கேட்டாலே எனக்குத் தூக்கிப்போட்டது. ஏசவாவது வந்து தொலையேன்டா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் போய் எடுத்தேன். மைனியின் குரல்.

“படம் பாத்தேன்ட்டி. முடிச்சு லூசா கெடக்கு. இறுக்கிப் போடச் சொல்லு.”