குண்டு மேஸ்திரியின் இருபத்தெட்டு அட்டைகள்

குண்டு மேஸ்திரி குண்டாக இருந்ததே கிடையாது. நான் அவர் வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாள் எடை பார்த்தேன், ஐம்பத்திரண்டு கிலோ. வீட்டுச் சுவர்களுக்கு வால்பேப்பர் ஒட்டுகிற தொழிலில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவர். முதல் தாளை ஒட்டுவதற்கு முன், நூலில் கட்டிய பித்தளைத் தூக்குக்குண்டைச் சுவரில் தொங்கவிடுவார். அது ஆடி ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கூட வேலை செய்தவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்களாம். அப்படி வந்த பெயர்.

அறுபத்தொன்றாம் வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். நான் இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். அவர் கால் ஓரளவு தேறியது. இடது கை தேறவில்லை. அவை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவது ஒன்றும் இருந்தது. அவருடைய மூளை இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது.

கண்ணில் கோளாறு இல்லை. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "என்ன, இன்னிக்கு அளந்து வெச்சிருக்க?" என்று மனைவியைக் கேட்பார். தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். வலது கன்னத்தை மட்டும் ஷேவ் செய்துகொண்டு கண்ணாடி முன் திருப்தியாக நிற்பார். இடது தோள் கதவு நிலையில் இடித்தால் கதவைத் திட்டுவார். இந்த நோயில் கஷ்டமே இதுதான்: குறை உள்ளவருக்கே அது தெரியாது. "எனக்குக் கை கொஞ்சம் மக்கர் பண்ணுது, அவ்வளவுதான் சிஸ்டர். மத்தபடி ஃபுல்லா இருக்கேன்" என்பார்.

வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சிய வால்பேப்பர் துண்டுகளை அவர் ஒருநாளும் எறிந்ததில்லை. கட்டிலுக்கடியில் நாலு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொரு சுருளின் பின்பக்கத்திலும் பென்சிலில் ஒரு குறிப்பு: "பல் டாக்டர் வீடு, படுக்கையறை." "மூணாவது மாடி, சண்டைக்கார அக்கா." அந்தத் துண்டுகளில் வாழ்த்து அட்டை செய்து அவரவருக்கே கொடுப்பது அவருடைய பழக்கம். அட்டை ஒட்டுவது அவர், உள்ளே எழுதுவது கையெழுத்து அழகான மனைவி.

இந்த முறை இருபத்தெட்டு அட்டை செய்யவேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்கள் இருபத்தெட்டுப் பேர்.

"எல்லாரும் என்னைக் கட்டை மாதிரி கிடக்கும்போது பார்த்துட்டுப் போயிட்டாங்க," என்றார். "தொழில் இன்னும் கையில இருக்குன்னு தெரியணும். வேற யாரும் தொடக்கூடாது. நானே ஒட்டணும்."

செய்முறை சுவருக்கு உள்ளதுதான். மடித்த கெட்டி அட்டையின் முகப்பில் நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து வலப்பக்கமாக விரல் அகலத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பூவுக்குப் பூ பொருத்தி ஒட்டிக்கொண்டே ஓரம்வரை போகவேண்டும். பிறகு நடுவுக்குத் திரும்பி வந்து இடப்பக்கம் போகவேண்டும். அட்டை நகராமல் இருக்கத் தூக்குக்குண்டை அதன்மேல் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் செய்தார். ஒரு அட்டைக்கு ஒரு மணி நேரம் ஆனது. இணைப்பை நகத்தால் தடவிப் பார்த்தேன், தட்டுப்படவில்லை.

ஆனால் வலது பாதி மட்டும்தான். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் வெற்று அட்டை. அதை என்னிடம் நீட்டி, "எப்படி?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி, "பிரமாதமா இருக்குங்க," என்று வாங்கிக்கொண்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். சலவைக்கடையில் மதியம்வரை துணி தேய்க்கிற பெண், தோள் வலுவுள்ளவள். இழுத்தால் போகத்தான் வேண்டும்.

"சொல்லிடாதீங்கக்கா."

"சொல்லாம எப்படிம்மா? பாதி காலியா இருக்கு."

"ரெண்டு மாசம் கழிச்சு இப்பதான் சிரிக்கிறார். இதைப் போய்ச் சொன்னா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்குவார். அவர் மதியம் தூங்கும்போது மீதியை நான் ஒட்டிடறேன். அவருக்கு எப்படியும் அந்தப் பக்கம் தெரியாதே."

சரி என்றேன். அது தப்பு. நோயாளிக்கு அவர் நிலைமையை மறைக்கக்கூடாது என்பது பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை ஒதுக்கிவைத்தேன்.

பதினைந்து நாளில் பதினொரு அட்டைகள் வீட்டைவிட்டுப் போயின. மேஸ்திரி காலையில் வலது பாதி ஒட்டுவார். மதியம் அவர் குறட்டை விடும்போது மனைவி இடது பாதி ஒட்டுவாள். பசை விரலோடு போய்க் கதவு திறப்பாள். கைபேசியில் பசை, ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியிலும் பசை.

பன்னிரண்டாம் அட்டை உலர்ந்துகொண்டிருந்தபோது பெயின்டர் வந்தார். மேஸ்திரி ஒட்டுகிற வீடுகளில் கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பவர், இருபது வருடக் கூட்டாளி. தனக்கு வந்த அட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு. கோச்சுக்கிறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்."

"என் வேலையில ஒரு சொட்டு பெயின்ட் தரையில விழுந்தா ஊரைக் கூட்டுவீங்க. நீங்க என்ன, எனக்குப் போய் இப்படி ஒரு ஜாயின்ட் வெச்சிருக்கீங்க?"

அட்டையை எதிரே உட்கார்ந்தபடி, தன் பக்கம் நேராகத் தெரியும்படி மேஜைமேல் வைத்தார். மேஸ்திரிக்கு அது தலைகீழாக இருந்தது. அதாவது, மனைவி ஒட்டிய பாதி இப்போது அவருடைய வலப்பக்கம் வந்துவிட்டது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். அந்தத் தாளில் ஒவ்வொரு துண்டையும் பக்கத்துத் துண்டைவிட அரைப் பூ இறக்கி ஒட்டவேண்டுமாம். அப்போதுதான் இலையும் கொடியும் ஒன்றோடொன்று சேரும். அவர் மனைவி சேலையை மடிக்கிற மாதிரி ஓரத்துக்கு ஓரம் நேராக வைத்து ஒட்டியிருந்தாள். பாதிப் பூவுக்குப் பக்கத்தில் பாதி இலை.

"இது என் கை இல்ல," என்றார்.

பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியின் மனைவியைப் பார்த்தேன். அவள் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அரை இறக்கம்கூடத் தெரியாத ஆள் யாரு இந்த வீட்ல?" என்று கேட்டுவிட்டு அவரே அவள் பக்கம் திரும்பினார். "நீயா? எதுக்கு?"

"நீங்க பாதிதாங்க ஒட்டறீங்க," என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

இனி இது என் வேலை. அன்று காலை அவர் ஒட்டியதை, அவள் இன்னும் தொடாததை, எடுத்து அவர் முன் வைத்தேன்.

"இது முடிஞ்சிருச்சா, மேஸ்திரி?"

"முடிஞ்சிருச்சு. ஏன்?"

அட்டையைத் தலைகீழாகத் திருப்பினேன். வெற்றிடம் அவர் வலப்பக்கம் வந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்துத் தடவினார். நான் மறுபடி நேராகத் திருப்பினேன். முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும், முகம் அப்படிச் சொன்னது. மறுபடி தலைகீழ். ஐந்து தடவை திருப்பச் சொன்னார். பிறகு, "இப்படி எவ்வளவு நாளா?" என்றார்.

"ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாள்முதலா. உங்க மூளையில அடைப்பு வந்த இடம் அப்படி. உங்க தப்பு இல்ல, தொழில் போனதுன்னும் அர்த்தம் இல்ல. சொல்லாம இருந்தது எங்க தப்பு."

"சாப்பாட்டுத் தட்டு?"

"அதுவும்தான்."

"நான் இவளைக் கஞ்சப் பிசினாறின்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்," என்றார். பெயின்டர் சிரிக்கப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் அவர் மேஜைக்கு வரவில்லை. மனைவி பயந்தபடியே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் குளிப்பாட்டினேன், நடக்கவைத்தேன், மாத்திரை கொடுத்தேன், சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சமாதானம் கேட்கிற நிலையில் அவர் இல்லை. மனைவி என்னோடு பேசவில்லை. நான் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அவள் கட்சி. பதினைந்து நாள் முன்னாடியே சொல்லியிருக்கவேண்டும் என்பது என் கட்சி.

மூன்றாம் நாள் காலையில், "சிஸ்டர், அந்த வெறும் சாம்பல் கலர் ரோலை எடுங்க," என்றார்.

எடுத்தேன். அதன் லேபிளில் இரண்டு அம்புகள் இருந்தன. ஒன்று மேலே பார்த்தது, பக்கத்தில் இன்னொன்று கீழே பார்த்தது.

"இது என்ன தெரியுமா? சில தாள்ல ஒரு ஓரம் அழுத்தமாவும் மறு ஓரம் வெளிறியும் சாயம் ஏறியிருக்கும். நேரா ஒட்டிட்டே போனா சுவர் பட்டை பட்டையா தெரியும். அதுக்கு, ஒரு தாளை நேரா ஒட்டணும், அடுத்ததைத் தலைகீழா ஒட்டணும். நேரா, தலைகீழா, நேரா, தலைகீழா. முப்பத்தெட்டு வருஷம் இதைப் பண்ணியிருக்கேன். அட்டையில பண்ணத் தெரியாதா எனக்கு?"

ஒரு வெற்று அட்டையை எடுத்து, வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு அம்பு போட்டார். அட்டையைத் திருப்பி, அப்போது வலப்பக்கம் வந்த ஓரத்தில் இன்னொரு அம்பு. நடுவிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்து அம்பை எட்டினால் திருப்பவேண்டும், மறுபடி நடுவிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு அம்பும் மறைந்தால்தான் அட்டை முடிந்தது. முதல் அட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அம்பைப் பார்க்க மறந்து இரண்டு தடவை "முடிஞ்சது" என்றார், இரண்டு தடவையும் அவரே பிடித்துக்கொண்டார். அட்டை முழுசாக இருந்தது.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். சளி.

அன்றே பெயின்டரைக் கூப்பிட்டு, போன பதினொரு அட்டையையும் திரும்ப வாங்கி வரச் சொன்னார்.

"கொடுத்த கார்டைத் திருப்பிக் கேட்கிற முதல் ஆள் நீங்கதான் மேஸ்திரி."

"வேலை சரியில்லன்னா பிரிச்சு ஒட்டித் தரணும். சுவரா இருந்தா வுட்ருவியா?"

பெயின்டர் இரண்டு நாள் அலைந்து, தன்னுடையதையும் சேர்த்துப் பத்து கொண்டுவந்தார். மூணாவது மாடி சண்டைக்கார அக்கா மட்டும் கொடுத்ததைத் தரமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டாளாம்.

எல்லாத் தாளும் அவருக்கு ஒத்துவரவில்லை. புள்ளி, கட்டம், கொடி இவற்றுக்கெல்லாம் மேல் கீழ் கிடையாது. குருவி போட்ட தாளுக்குத் தலை உண்டு. அட்டையைத் திருப்பிக்கொண்டு ஒட்டும்போது, குருவியைத் தனக்கு நேராக வைத்துவிடுவார். நேராகப் பார்த்தால் வலது பாதியில் குருவிகள் உட்கார்ந்திருக்கும், இடது பாதியில் வௌவால் மாதிரி தொங்கும். மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் வௌவால். குருவித் தாள் ஏழு பேருக்கு உரியது. ஏழு பேருமே அந்தத் தாளை ஒட்டிய வீட்டுக்காரர்கள், வேறு தாள் கொடுக்க அவருக்கு மனமில்லை.

அன்று மதியம் அவர் தூங்கப் போகவில்லை. மனைவி வேலையிலிருந்து வந்து கைகழுவியதும், பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினார். இடப்பக்கம் இருந்த நாற்காலி அவர் கண்ணில் படாதே, வலப்பக்கத்து நாற்காலியைத்தான்.

"உட்காரு. அரை இறக்கம் சொல்லித் தரேன்."

"எனக்கு எதுக்கு? அதான் வேற யாரும் தொடக்கூடாதே."

"தொட்டுத்தான் வெச்சிருக்கியே பதினொண்ணு. இனியாவது சரியா தொடு."

அவள் உட்கார்ந்தாள். அவர் வலது பாதியை ஒட்டித் தருவார், அவள் இடது பாதியை ஒட்டுவாள், அவர் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். முதல் அட்டையை, "பிரி," என்றார். இரண்டாவது தடவையும், "பிரி." மூன்றாவது தடவை அவள், "நீங்களே பிரிச்சுக்கோங்க, எனக்கு வேற வேலை இருக்கு," என்று எழுந்து போய், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாலாவது தடவை அவர் நகத்தால் இணைப்பைத் தடவினார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த அட்டையை எடுத்தார்.

நாலு நாளில் ஏழும் முடிந்தன. மற்றவற்றையும் சேர்த்து வரிசையாக வைத்து, உள்ளே எழுத அவளிடம் பேனாவைக் கொடுத்தார். இருபதில் அவர் பெயர் மட்டும். குருவி அட்டைகள் வந்தபோது, "இதுல உன் பேரையும் போடு," என்றார்.

"என் பேர் எதுக்குங்க?"

"நாளைக்கு ஜாயின்ட் விட்டுச்சுன்னா நான் மட்டும் திட்டு வாங்கணுமா?"

அவள் போட்டாள். தன் பெயரை முதலில் போட்டாள்.